மறந்துபோன ஜப்பானிய வினைத்திரிபுகளை மீட்க நான்கு வழிகள்: எது யாருக்கு?

ஒரு காலத்தில் ஜப்பானிய மொழியை ஓரளவு கற்று, வேலை மாற்றத்தாலோ குடும்பப் பொறுப்பாலோ ஐந்து, எட்டு, பத்து ஆண்டுகள் அதை விட்டுவிட்டு, இப்போது மறுபடியும் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். பழைய பாடநூலை முதல் பக்கத்திலிருந்து திறப்பதா, விதிகளை மட்டும் அட்டவணையாகப் படிப்பதா, கைப்பேசியில் அட்டைப் பயிற்சி செய்வதா, அல்லது நேராக வாசிப்பில் இறங்கிவிடுவதா? சொல் மறந்தால் அகராதி இருக்கிறது. கான்ஜி எழுத்து மறந்தால் கைப்பேசி காட்டிக்கொடுக்கும். வினையின் வடிவம் மறந்தால் அப்படிச் சமாளிக்க முடியாது. தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் வினைதான் கடைசியில் நின்று வாக்கியத்தை முடிக்கிறது. காலம், எதிர்மறை, மரியாதை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நானும் ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு திரும்பியவன் என்பதால், இந்த நான்கு வழிகளையும் சோதித்துப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

ஒரு சிறு குறிப்பு. ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தரும்போது, சொல்லின் நடுவே வல்லோசை வரும் இடத்தில் சிறு கோடு இட்டிருக்கிறேன். ‘எழுது’ என்னும் பொருளுள்ள க-கு என்பதில் இரண்டாம் எழுத்தையும் சொல்லின் முதலில் வரும் ககரம் போல ஒலிக்க வேண்டும். கோடு இல்லாத இடத்தில் தமிழில் இயல்பாக ஒலிப்பது போலவே ஒலித்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு ஏன் தேவைப்படுகிறது என்பதே மீள்கற்றலில் ஒரு முக்கியமான செய்தி. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல், எது மிச்சமிருக்கிறது என்பது. ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வில், தாம் ஒருமுறை மனப்பாடம் செய்து பிறகு மறந்துவிட்ட அசைத்தொடர்களை மறுபடி கற்கும்போது முதல்முறையைவிடக் குறைந்த நேரமே ஆனதை அளந்து காட்டினார். அந்த வேறுபாட்டை அவர் ‘சேமிப்பு’ என்றே அழைத்தார். ‘எல்லாம் போய்விட்டது’ என்று தோன்றினாலும் சேமிப்பு இருக்கிறது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை அறிய ஒரு தாளை எடுத்து, பதின்மூன்று வினைகளுக்கு எதிர்மறை, மரியாதையான மஸ் வடிவம், நம் ‘எழுதி’, ‘சாப்பிட்டு’ போன்ற தெ வடிவம், ‘முடியும்’ என்னும் பொருள் தரும் வடிவம் ஆகிய நான்கையும் புத்தகம் பார்க்காமல் எழுதிப் பாருங்கள்: க-கு, ஒயொகு, ஹனஸு, மட்ஸு, ஷினு, அசொபு, யொமு, கயெரு, கவு, இ-கு, தபெரு, ஸுரு, குரு. இந்தப் பட்டியலில் ஏறத்தாழ எல்லா வகையும் அடங்கிவிடுகிறது; இன்றைய ஜப்பானியத்தில் ‘நு’ என்று முடியும் வினை ‘இற’ என்னும் பொருளுள்ள ஷினு ஒன்றுதான்.

எழுதிய பிறகு தவறுகளை எண்ண வேண்டாம், வகை பிரியுங்கள். ‘வாசி’ என்னும் யொமுவுக்கு யொந்தெ என்று வராமல் யொமி-தெ என்று எழுதியிருந்தால் அது விதி மறந்த தவறு. ஜப்பானிய வினைகள் பெரும்பாலும் இரண்டு குழுக்கள்: முதல் குழுவில் கடைசி உயிர் மாறும், இரண்டாம் குழுவில் கடைசி ‘ரு’ விழுந்து விகுதி சேரும். எந்த வினை எந்தக் குழு என்று தெரியாமல் எழுதியிருந்தால் அது குழுத் தவறு. எல்லாம் சரியாக இருந்தும் ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி யோசித்திருந்தால், போனது வேகம் மட்டுமே. இம்மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இரண்டாவது அளவுகோல், எதற்காகத் திரும்புகிறீர்கள் என்பது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யில் பேச்சும் இல்லை, எழுதிக் காட்டுவதும் இல்லை; தரப்பட்ட விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆகவே பார்த்தால் அடையாளம் காணும் திறன் அங்கே செல்லுபடியாகும். அலுவலகத் தொலைபேசியில் அது செல்லாது. அங்கே வடிவத்தை நீங்களே உண்டாக்க வேண்டும். மூன்றாவது, கையிலுள்ள காலம். நான்காவது, ஒவ்வொரு வழியும் முன்கூட்டிச் சொல்லாமல் பிறகு வசூலிக்கும் செலவு. கீழேயுள்ள நாட்கணக்கு, நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கிய என் அனுபவத்திலிருந்து சொல்வது.

| வழி | எது திரும்பும் | ஆகும் காலம் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| பாடநூலை முதலிலிருந்து | சொல், இலக்கணம் எல்லாம் மெதுவாக | ஆறு மாதத்துக்கு மேல் | தெரிந்ததையே படிக்கும் சலிப்பு. நடுவில் நின்றுபோதல் |
| ஒலிவிதி அட்டவணை | விதி | இரண்டு மூன்று வாரம் | வேகம் வராது. குழு மனத்தில் நிற்காது |
| அட்டைப் பயிற்சி | குழு, ஓரளவு வேகம் | இரண்டு மூன்று மாதம் | குவியும் பாக்கி. தனிச்சொல் பழக்கம் |
| வாசிப்பும் கேட்பும் | அடையாளம் காணல் | ஒரு மாதத்தில் தெரியும் | வாயில் வராது. வினை முடிவைத் தாவிவிடும் பழக்கம் |

## பழைய பாடநூலை முதலிலிருந்து தொடங்குதல்

பெரும்பாலானோர் முதலில் நினைப்பது இதைத்தான், பெரும்பாலானோர் கைவிடுவதும் இதைத்தான். காரணம் எளிது. வகுப்புகளில் பயன்படும் பாடநூல்கள் பலவும் மரியாதை வடிவமான மஸ்ஸில் தொடங்கி, நடுப்பகுதியில்தான் தெ வடிவத்துக்கு வரும். செயப்பாட்டுவினையும் பிறவினையும் கடைசிப் பாடங்களில்தான் இருக்கும். மறக்காமல் இருப்பது முன்பகுதி, மறந்தது பின்பகுதி. ஆகவே முதல் இரண்டு மாதம் தெரிந்ததையே படித்து, உண்மையில் தேவையான இடத்தை நெருங்கும்போது ஊக்கம் தீர்ந்துவிடுகிறது.

மஸ்ஸிலிருந்து தொடங்கும் வரிசையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒ-கிமஸ் என்பது ‘எழுந்திருக்கிறேன்’ என்றும் பொருள்படும், ‘வைக்கிறேன்’ என்றும் பொருள்படும். முதலாவதன் அகராதி வடிவம் ஒ-கிரு, தெ வடிவம் ஒ-கி-தெ. இரண்டாவதன் அகராதி வடிவம் ஒ-கு, தெ வடிவம் ஒய்-தெ. மஸ் வடிவம் குழுவை மறைத்துவிடுகிறது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு மஸ் வடிவம் மட்டும் நினைவில் நிற்பதால், திரும்பி வருகிறவர்களின் குழுத் தவறுகளில் பல இங்கிருந்துதான் வருகின்றன.

பழைய குறிப்பேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மில் பலர் முதல் மாதங்களில் ஜப்பானியத்தைத் தமிழ் எழுத்திலேயே எழுதிவைத்தோம். தமிழில் சொல்லுக்கு நடுவே ஒற்றைத் தகரம் மெலிந்து ஒலிக்கும், இரட்டித்தால்தான் வலிந்து ஒலிக்கும். ஜப்பானியத்திலோ ஒற்றை வல்லோசை, ஒற்றை மெல்லோசை, இரட்டை வல்லோசை மூன்றும் தனித்தனி. ஆகவே ‘வா’ என்பதன் கி-தெயும் ‘வெட்டு’ என்பதன் கித்தெயும் என் குறிப்பேட்டில் ஒரே மாதிரி எழுதப்பட்டிருந்தன. எது எது என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் குறிப்பேடுகளை நினைவுக்காக வைத்துக்கொள்ளுங்கள், படிப்பதற்கு எடுக்காதீர்கள்.

இந்த வழி உண்மையிலேயே பொருந்துவது இரண்டு பேருக்கு. ஜே.எல்.பி.டி.யின் தொடக்க நிலையான என்5ஐயே முழுதாக முடிக்காமல் விட்டவர்கள், ஹிரகனா எழுத்துகளே தடுமாறும் அளவுக்கு மறந்தவர்கள். அவர்களுக்கு அடித்தளம்தான் வேண்டும். கூரையைச் செப்பனிடுவதில் பயனில்லை.

## விதிகளை ஒலி வழியாக மீட்டல்

என் தேர்வு இதுதான், அதனால் இதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். தமிழ் தெரிந்தவருக்கு இந்த வழியில் கிடைக்கும் வசதி சிறியதன்று.

முதல் குழு வினையில் கடைசி மெய் அசையாமல் நிற்க, உயிர் மட்டும் மாறுகிறது: க-கநை (எழுத மாட்டேன்), க-கிமஸ் (எழுதுகிறேன்), க-கு (எழுது என்பதன் அகராதி வடிவம்), க-கெபா (எழுதினால்), க-கோ (எழுதலாம் வா). அ, இ, உ, எ, ஒ என்று உயிர்மெய் வரிசையில் ஏறி இறங்குவது போலத்தான். ஜப்பானிய எழுத்துகளை அடுக்கும் ஐம்பதொலி அட்டவணையின் வரிசைமுறையிலேயே, சித்தம் எழுத்தையும் சமஸ்கிருத ஒலியியலையும் கற்ற பௌத்தத் துறவிகள் வழியாகச் சென்ற இந்திய ஒலிவரிசையின் தாக்கம் இருக்கிறது. உயிரெழுத்துகளை முன்வைத்து, கவரிசையில் தொடங்கி நகரும் அந்த அடுக்கு நமக்குப் பழகியதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. ‘முடியும்’ என்னும் பொருளுக்கு எகர நிலை எடுத்து க-கெரு. செயப்பாட்டுவினைக்கு அகர நிலை எடுத்து க-கரெரு. பிறவினைக்கும் அகர நிலை எடுத்து க-கஸெரு. அட்டவணையின் ஐந்து படிகளைக் கைவிரலில் எண்ணினால் எல்லா வடிவமும் வந்துவிடும்.

தெ வடிவம்தான் திரும்பி வருகிறவர்களை அதிகம் படுத்துவது. அதைப் பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்யச் சொல்லும் வகுப்புகள் உண்டு; பாட்டு ஓராண்டு நிற்கும், ஒன்பது ஆண்டு நிற்காது. காரணம் தெரிந்தால் நிற்கும். ஆதியில் எல்லா வினையும் இகர நிலையோடு ‘தெ’ சேர்ந்தே வந்தன. நாவுக்கு எளிதாகும்படி அவை திரிந்தன. உண் + து என்பது உண்டு ஆகும்போது மூக்கொலியை அடுத்த தகரம் டகரமாகி மெலிந்து ஒலிக்கிறது அல்லவா? யொமி + தெ என்பது யொந்தெ ஆவதும், ஷினி + தெ என்பது ஷிந்தெ ஆவதும் அதே மூக்கொலியின் வேலைதான். பகரம் மெலிந்து ஒலிக்கும் அசொபுவும் இவற்றோடு சேர்ந்து அசொந்தெ ஆகிறது. கேள் + து என்பது கேட்டு என்று இரட்டிப்பது போல, கயெரி + தெ என்பது கயெத்தெ என்றும், மட்ஸுவும் கவுவும் மத்தெ, கத்தெ என்றும் இரட்டிக்கின்றன. க-கி + தெ என்பதில் நடுக்ககரம் தேய்ந்து கய்-தெ ஆகிறது. ஒயொகி + தெ என்பதிலும் ககரம் தேய்கிறது, ஆனால் அது மெலிந்து ஒலித்த ககரம் என்பதால் தன் மென்மையைத் தகரத்தின் மேல் விட்டுவிட்டு ஒயொய்தெ ஆகிறது. ஹனஷி-தெ மட்டும் மாறாமல் நிற்கிறது. ‘போ’ என்னும் இ-கு மட்டும் விதியை மீறி இத்தெ ஆகும். இவ்வளவுதான் மொத்த விதியும். தமிழ் இலக்கணத்தில் விகாரம் படித்தவருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

வடிவத்தோடு பயனும் நம் வழியிலேயே வருகிறது. தபெ-தெ மிரு என்றால் ‘சாப்பிட்டுப் பார்’. மிரு என்பதே பார்த்தல்தான். கத்தெ ஒ-கு என்றால் ‘வாங்கி வை’. மொத்தெ குரு என்றால் ‘கொண்டு வா’. தபெ-தெ ஷிமவு என்றால் ‘சாப்பிட்டுவிடு’. உயிருள்ளவை இருப்பதைச் சொல்லும் வினைகூட ஜப்பானியத்தில் ‘இரு’ என்றே ஒலிக்கிறது. ஆங்கிலம் வழியாகக் கற்றவர்கள் இத்தெ இரு என்பதை ‘போய்க்கொண்டிருக்கிறார்’ என்று புரிந்துகொண்டு குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். அது நம் ‘போயிருக்கிறார்’தான், போய் அங்கே இருக்கிறார் என்பதுதான். இவ்வொற்றுமைகளை எல்லாம் வைத்து இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று மொழியியலாளர் ஒனோ சுசுமு வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, கற்பவருக்கு அமைப்பு ஒத்துப்போவதே போதும்.

இனி மறைந்த செலவு. அட்டவணை விதியைத் தரும், ஆனால் எந்த வினை எந்தக் குழு என்பதைத் தராது. ‘இரு’, ‘எரு’ என்று முடிபவை பொதுவாக இரண்டாம் குழு. ஆனால் ஹய்ரு (நுழை), ஹஷிரு (ஓடு), ஷிரு (அறி), ஷபெரு (பேசு), ஸுபெரு (வழுக்கு), கெரு (உதை) போன்றவை முதல் குழு. இதைவிடக் கடினம், ஒரே ஒலியில் இரண்டு குழுவிலும் நிற்கும் வினைகள். முதல் குழுவின் கயெரு ‘திரும்பிப் போ’. இரண்டாம் குழுவின் கயெரு ‘மாற்று’. ஒரு கலந்தாய்வில், திரையிலிருந்த ஓர் எண்ணை மாற்றும்படி எதிர்ப்பக்கத்திலிருந்த மூத்த பொறியாளரைக் கேட்க நினைத்து, கயெ-தெ என்று சொல்ல வேண்டிய இடத்தில் கயெத்தெ குதசய் என்று சொல்லிவிட்டேன். ‘தயவுசெய்து திரும்பிப் போங்கள்’ என்பது அதன் பொருள். அவர் சில விநாடி பேசவில்லை. பிறகு திரையிலிருந்த எண்ணைத் தொட்டுக் காட்டி, சரியான வடிவத்தை மெல்லச் சொல்லி, ‘இதைத்தானே?’ என்று கேட்டார். விதி எனக்கு அன்று முழுதாகத் தெரியும். குழு தெரியவில்லை, வேகமும் இல்லை.

தமிழிலும் இது உண்டு. ‘அடை’ என்னும் ஒரே பகுதி ‘ஊரை அடைந்தான்’ என்றும் ‘கதவை அடைத்தான்’ என்றும் இரண்டு வழியில் போகிறது. எந்தத் தமிழ்க் குழந்தையும் அட்டவணை பார்த்து அதைக் கற்பதில்லை; ஊரோடும் கதவோடும் சேர்த்தே கற்கிறது. கயெருவையும் அப்படித்தான் கற்க வேண்டும்: வீட்டோடு ஒன்று, எண்ணோடு ஒன்று. அங்கேதான் அடுத்த வழி உதவுகிறது.

## இடைவெளி விட்டுத் திரும்பும் அட்டைப் பயிற்சி

மறக்கும் தறுவாயில் ஒரு கேள்வியைத் திரும்பக் காட்டுவதே இம்முறை. 2006இல் வெளிவந்த அன்கி செயலி இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதன் பெயரே ஜப்பானியத்தில் மனப்பாடம் என்று பொருள்படும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐஃபோனில் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

பழைய அட்டைத்தொகுப்பு கணக்கில் இருந்தால் அதைத் திறக்கவே திறக்காதீர்கள். பல ஆண்டுப் பாக்கி ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். அதைப் பார்த்த அன்றே மனம் விட்டுப்போனவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். பதின்மூன்று வினைச் சோதனையில் நீங்கள் தவறியவற்றிலிருந்து மட்டும் புதிதாக நூறு அட்டைகள் செய்துகொள்வது மேல். அட்டையில் தனிச்சொல்லை வைக்கக் கூடாது. ‘கயெரு: தெ வடிவம் என்ன?’ என்று கேட்டால் மூளை அட்டவணையைத்தான் தேடும். முன்பக்கத்தில் தமிழில் ‘இந்த எண்ணை மாற்றுங்கள்’ என்று எழுதி, பின்பக்கத்தில் முழு ஜப்பானிய வாக்கியத்தையும் வைத்து, அட்டையைத் திருப்பும் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பேருந்தில் மௌனமாக விரலால் தள்ளும் பயிற்சி வாய்க்கு எதையும் கற்பிப்பதில்லை.

சோதனையில் விதிகள் சரியாக வந்து, குழுவிலும் வேகத்திலும் மட்டும் தவறியவர்கள் அட்டவணையைத் தாண்டி நேரே இங்கு வரலாம். விதியே தெரியாமல் அட்டைக்கு வருவது வீண். ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனிச் சொல்லாக மனப்பாடம் செய்ய நேரும்.

## வாசிப்பும் கேட்பும்

இடைநிலையான என்3 அல்லது அதற்கு மேல் எட்டியிருந்து விட்டவர்களுக்கு இது இன்பமான வழி. ஜப்பானில் தடொ-கு என்று சொல்லப்படும், நிறைய வாசித்தலுக்காகவே படிநிலை பிரித்து எழுதிய சிறு கதைகளில் தொடங்கினால், இரண்டு மூன்று வாரத்தில் ‘இது எனக்குத் தெரிந்த வடிவமாயிற்றே’ என்னும் உணர்வு அடிக்கடி எழும். சேமிப்பு இருக்கிறது என்பதை உடனே காட்டுவது இந்த வழிதான். ஊக்கம் குன்றியவர்களுக்கு அது பெரிது.

ஆனால் இரண்டு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். சூழலை வைத்துப் பொருளை ஊகித்துவிடுவதால் கண் வினையின் முடிவைத் தாவிப் போகும். எதிர்மறை நிற்பதோ அந்த முடிவில். அடுத்தது, பேச்சுமொழியில் கேட்கும் வடிவங்கள் பாடநூலில் இருந்தவை அல்ல. தெ ஷிமவு என்பது சவு என்று சுருங்கும். தெ இரு என்பது தெரு ஆகும். ‘சாப்பிட முடியும்’ என்பதற்குப் பாடநூல் வடிவம் தபெரரெரு. பேச்சில் கேட்பது ர ஒன்று குறைந்த தபெரெரு. திரும்பி வருகிறவர் இதைக் கேட்டதும் தம் நினைவுதான் பிழையென்று எண்ணி, சரியாக நினைவிருந்ததையும் திருத்திக்கொள்கிறார். ஜப்பானியப் பண்பாட்டு முகமை 2016இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், ‘பார்க்க முடிந்தது’ என்பதற்கு ர குறைந்த வடிவத்தைச் சொல்வோர், பாடநூல் வடிவத்தைச் சொல்வோரைவிட முதல்முறையாக மிகுதியாகியிருந்தார்கள். எனவே கேட்டால் புரிந்துகொள்ளுங்கள். தேர்விலும் அலுவல் கடிதத்திலும் பாடநூல் வடிவத்தையே எழுதுங்கள்.

## உங்கள் நிலைக்கு எது

ஜூலை அல்லது டிசம்பர் ஜே.எல்.பி.டி. தேர்வை எழுத எண்ணுபவர், முதல் மூன்று வாரம் ஒலிவிதி, பிறகு தேர்வு வரை வாசிப்பு என்று வைத்துக்கொண்டால் போதும். அட்டைகளைச் சொற்களுக்கும் கான்ஜிக்கும் ஒதுக்கிவிடலாம். விண்ணப்பக் காலம் தேர்வுக்குச் சில மாதம் முன்பே முடிந்துவிடும் என்பதை மனத்தில் வைத்து நாட்களை எண்ணுங்கள்.

வேலைக்காகப் பேச வேண்டியவருக்கு ஒலிவிதியும் அட்டையும் சேர்ந்தே வேண்டும், அதோடு வாரம் ஒருமுறையாவது பேசத் தனி ஆசிரியர் ஒருவர் வேண்டும். ஆசிரியரிடம் பாடம் நடத்தச் சொல்லாதீர்கள். விதியை நீங்களே படித்துவிடலாம், அதற்குக் கொடுக்கும் கட்டணம் வீண். அவர் அகராதி வடிவத்தைச் சொல்ல, நீங்கள் அதை வாக்கியத்தில் வைத்து மூன்று விநாடிக்குள் திருப்பிச் சொல்லும் பயிற்சியை மட்டும் கேளுங்கள்; ஒற்றைத் தகரத்தையும் இரட்டைத் தகரத்தையும் நீங்கள் பிரித்துச் சொல்கிறீர்களா என்று காதால் கேட்டுத் திருத்த ஒரு மனிதர் வேண்டும். எனக்கு ஆறு அமர்வுகளில் கயெ-தெயும் கயெத்தெயும் பிரிந்து வந்தன.

அவசரம் எதுவும் இல்லாமல், பிடித்த மொழி என்பதற்காகத் திரும்புகிறவர் வாசிப்பிலேயே தொடங்கலாம். ஒரு பக்கத்தில் நான்கு ஐந்து வினைகளுக்கு மேல் தடுக்கினால் மட்டும் நிறுத்திவிட்டு ஒலிவிதிக்கு வரலாம். பதின்மூன்று வினைகளில் பாதிக்கு மஸ் வடிவமே வரவில்லை என்றால், தயங்காமல் பாடநூலின் முதல் பாடத்தைத் திறங்கள்; அப்போதும் புதிய நோட்டில், முதல் வரியிலிருந்தே ஹிரகனாவில் எழுதுங்கள்.